கக்குகிற பிள்ளையும் கலங்குகிற தாயும்

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டிக் குழந்தைநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இந்த மேசைமேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்திருக்கிறேன். என் கையிலிருக்கும் மருந்து மூடியில் 10 மில்லி பால் இருக்கிறது. இரண்டு சிறு கரண்டி அளவு. அதைத் துண்டில் ஊற்றுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் பாருங்கள், ஈரம் என் உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பரவிவிட்டது. இதே ஈரத்தை ராத்திரி இரண்டு மணிக்கு, அரைத் தூக்கத்தில், உங்கள் தோளில் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? "குடிச்சது அத்தனையும் கக்கிட்டான்" என்றுதான். என்னிடம் வரும் தாய்மார்களில் பெரும்பாலோர் சொல்லும் முதல் வாக்கியம் அது. ஒரு மாதக் குழந்தை ஒரு வேளைக்கு 80, 100 மில்லி குடிக்கும். அதில் 10 மில்லி வெளியே வந்தால் மீதியெல்லாம் உள்ளேதான் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் நீங்களும் இப்படி ஊற்றிப் பாருங்கள். மாமியாரையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஊற்றுங்கள். பாதிக் கவலை அங்கேயே தீரும்.

குழந்தை ஏன் கக்குகிறது? உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு இறுகி மூடும். பெரியவர்களுக்கும் அது நாளில் பலமுறை தானாகத் தளரும். நமக்கு ஏப்பம் வருவது அதனால்தான். கைக்குழந்தைக்கும் அதே தளர்ச்சிதான், ஆனால் சூழ்நிலை வேறு. பிறந்த குழந்தையின் உணவுக்குழாய் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், நமக்கோ 25. குழந்தை நாள் முழுக்கப் படுத்திருக்கிறது. அது சாப்பிடுவது முழுக்கவும் திரவம். அந்தத் திரவமும் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி பால் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கணக்கில் குடித்தால் 9 லிட்டர்! அத்தனையும் குடித்துவிட்டுப் படுத்தே கிடந்தால் நமக்கும் எதுக்களிக்கத்தான் செய்யும்.

ஆகவே இது வளர்ச்சியின் ஒரு கட்டம். அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் 948 குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்டு 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் பாதிக் குழந்தைகள் தினமும் ஒரு தடவையாவது கக்கின. நாலாம் மாதத்தில் அது 67 சதவீதமாக ஏறியது. ஆறாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையில் 61-இலிருந்து 21 சதவீதமாகச் சரிந்தது. பத்து மாதம் தாண்டியவர்களில் 5 சதவீதமே மிச்சம். இதில் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. இரண்டாம் மாதம் கக்கத் தொடங்கும் குழந்தை, நாலாம் மாதம் இன்னும் அதிகமாகக் கக்கும். அது நோய் முற்றுவதாகத் தோன்றும். அந்த நேரத்தில்தான் பதறிப்போய் பாலை மாற்றுவார்கள், மருந்தை மாற்றுவார்கள், மருத்துவரை மாற்றுவார்கள். அடுத்து ஆறாம் மாதம் குழந்தை உட்கார ஆரம்பிக்கும், குழைந்த சாதம் சாப்பிடும், கக்குவது தானாக நிற்கும். கடைசியாக எந்த மருந்து கொடுத்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

நம் பாட்டிமார்களுக்கு இது தெரியும். "கக்குற பிள்ளை தக்கும்" என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொள்ளும், தேறிவிடும் என்று அர்த்தம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த ஒரு வரியைவிட நல்ல மருத்துவ ஆலோசனையை நான் எழுதித் தர முடியாது. ஆனால் இந்த வரியை நம்பி, மிகவும் தாமதமாக வந்த குழந்தைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் அது எங்கே பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நிறத்தைப் பாருங்கள். கக்குவது வெள்ளையாக இருக்கலாம், தயிர்போலத் திரிந்திருக்கலாம், புளித்த வாடை அடிக்கலாம். இரைப்பையில் கொஞ்ச நேரம் இருந்த பால் அப்படித்தான் இருக்கும். பச்சையாக இருந்தால், அதாவது இலைச்சாறு மாதிரிப் பச்சையாக வாந்தி வந்தால், ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில குழந்தைகளுக்குக் குடல் வயிற்றுக்குள் சரியான இடத்தில் பொருந்தாமலே பிறந்துவிடும். அது சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, குழந்தை அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கக்கியதில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

அடுத்தது வேகம். சாதாரணமாகக் கக்கும்போது பால் கடைவாய் வழியாக வழியும். குழந்தைக்கு அதில் முயற்சி இருக்காது, முகம் சுளிக்காது, சில சமயம் சிரித்துக்கொண்டே கக்கும். மூன்றாவது, நாலாவது வாரத்தில் ஒரு குழந்தை ஒவ்வொரு முறை குடித்ததும் பீய்ச்சி அடித்தாற்போல் வாந்தி எடுத்து, எடுத்த மறுநிமிடமே பசியில் வாயைத் திறந்து தேடினால் அது வேறு. இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்து வழியை அடைத்துவிடும் ஒரு நிலை இருக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு, அதிலும் தலைப்பிள்ளைக்கு, அதிகம் வரும். பால் குடலுக்கே இறங்காது. சிறுநீர் குறையும், எடை விழும். கோபன்ஹேகனில் இருந்த ஹிர்ஷ்ப்ருங் என்ற மருத்துவர் 1888-இல் இதைத் தெளிவாக விவரித்தார். அந்தக் காலத்தில் இதற்குத் தீர்வில்லை, பல குழந்தைகள் மெலிந்து மெலிந்து இறந்தன. 1912-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டெட், தடித்த தசையை மட்டும் நீளவாக்கில் கீறி உள்சவ்வைத் தொடாமல் விட்டுவிடும் எளிய அறுவையை வெளியிட்டார். இன்றும் அதேதான் செய்கிறோம். ஓரிரு நாளில் குழந்தை பால் குடித்து வீடு திரும்பிவிடுகிறது. சரியான நேரத்தில் வந்தால் இவ்வளவு சுலபமாகத் தீரக்கூடிய ஒன்றைப் பழமொழி சொல்லித் தள்ளிப்போட வேண்டாம்.

காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பு, வயிறு உப்பி இறுகுவது, குழந்தை துவண்டு கிடப்பது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பால் குடிக்கும்போதெல்லாம் மூச்சுத் திணறி நீலம் பாரிப்பது: இவற்றில் எது இருந்தாலும் கக்குவதைப் பற்றிய பேச்சே கிடையாது, உடனே காட்ட வேண்டும். ஆறு மாதம்வரை கக்காமல் இருந்த குழந்தை அதன் பிறகு புதிதாகத் தொடங்கினாலும், ஒன்றரை வயதாகியும் நிற்காமல் போனாலும் காரணம் தேட வேண்டும்.

இவை எதுவும் இல்லாத குழந்தைக்கு என்ன பரிசோதனை? தராசு. அவ்வளவுதான். ஸ்கேன் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் குழந்தை ஒரு நாளைக்கு 25, 30 கிராம் கூடும். ஐந்து மாத அளவில் பிறந்த எடை இருமடங்காகும், ஒரு வயதில் மும்மடங்காகும். அங்கன்வாடியில் தராசு இருக்கிறது, தடுப்பூசிக்குப் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் எடை போட்டுத் தாய்-சேய் அட்டையில் எழுதித் தருவார். அந்தக் கோடு மேலே போய்க்கொண்டிருந்து, நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால், ஒரு நாளைக்குப் பத்துத் துண்டு நனைந்தாலும் உங்கள் குழந்தைக்கு நோய் இல்லை. உங்களுக்குத் துவைக்கிற வேலை இருக்கிறது, அது உண்மை. அந்த வேலையை அப்பாக்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தை கக்கினால் நம் வீடுகளில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது தாயின் பால். "உன் பாலு அவனுக்கு ஒத்துக்கல." "பாலு சூடு." "பாலு கனமா இருக்கு, செரிக்கல." "நேத்து நீ பச்சைத் தண்ணில தலைக்குக் குளிச்ச, அதான்." "மாம்பழம் தின்ன, அதான்." பிரசவம் முடிந்து இருபது நாள்கூட ஆகாத பச்சை உடம்புக்காரி, தூங்கி எத்தனை நாளாயிற்றோ தெரியாது, அவள் சாப்பாட்டில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். பருப்பு வேண்டாம், கீரை வேண்டாம், பழம் வேண்டாம், தண்ணீர்கூட அளந்து குடி. மிளகு ரசமும் சுட்ட கருவாடுமாகச் சோறு இறங்கும். குழந்தை அப்போதும் கக்கும், ஏனென்றால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கடைசியில், "பாலை நிறுத்திப் பாரு" என்பார்கள். பசும்பாலில் பாதித் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து புட்டியில் வரும்.

தாய்ப்பால் இரைப்பையிலிருந்து மாவுப்பாலைவிட வேகமாக இறங்கிவிடும். சீக்கிரம் இறங்குகிற பால் மேலே திரும்பி வருவதற்கு வாய்ப்புக் குறைவு. அதாவது கக்குகிற குழந்தைக்குத்தான் தாய்ப்பால் இன்னும் அவசியம். அதை நிறுத்திவிட்டு, தண்ணீர் கலந்த பசும்பாலும் சரியாகக் கழுவாத புட்டியும் கொடுத்தால் சும்மா கக்கிக்கொண்டிருந்த குழந்தை வயிற்றுப்போக்கோடும் எடை குறைந்தும் வரும். இந்தக் குழந்தைகளை நான் பார்க்கும்போது கோபம் பாட்டியின்மேல் வருவதில்லை. அவர் பேரப்பிள்ளைமீது உயிரையே வைத்திருக்கிறார். அவருக்கு யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பாட்டிமார்களே, உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: கக்குகிற குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். மருமகளுக்கு, மகளுக்கு, வயிறாரச் சோறு போடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பசும்பாலின் புரதம் ஒவ்வாது. தாய் குடிக்கிற பால், தயிர் வழியாக அது தாய்ப்பாலிலும் கொஞ்சம் வரும். இந்தக் குழந்தைகளுக்குக் கக்குவதோடு மலத்தில் சளியோ ரத்தக்கீற்றோ இருக்கும், தோலில் கரப்பான் இருக்கலாம், எடை ஏறாது. இவர்களுடைய தாய் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இரண்டிலிருந்து நாலு வாரம்வரை பால், தயிர், மோர், பால் சேர்த்த பலகாரங்களை விட்டுப் பார்க்கலாம். அப்போதும் குழந்தை தாய்ப்பாலிலேயே இருக்கும். தாய்தான் பசும்பாலை விடுகிறாள்.

பாலூட்டும்போது என்ன செய்யலாம்? பெரிய ரகசியம் எதுவுமில்லை. வீறிட்டு அழும்வரை காத்திருக்காமல், வாயைச் சப்பும்போதே, கையைக் கடிக்கும்போதே கொடுங்கள்; அழுத குழந்தை காற்றையும் சேர்த்து விழுங்கும். மார்க்காம்பு மட்டுமில்லாமல் கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடிக்க வையுங்கள். பால் அதிகம் சுரந்து பீய்ச்சுகிற தாய்மார்கள் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மார்மேல் கவிழ்ந்தாற்போல் பிடித்தால் வேகம் மட்டுப்படும். குழந்தை போதும் என்று வாயை எடுத்தபின் மறுபடி திணிக்க வேண்டாம். பாலாடையிலும் சங்கிலும் புகட்டுபவர்களுக்கு இதைக் கூடுதலாகச் சொல்கிறேன். பாலாடை நல்ல சாதனம், புட்டியைவிடப் பல மடங்கு நல்லது. ஆனால் மடியில் மல்லாக்கப் போட்டு, காலால் அணைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது புகட்டுவது ஆகாது. குழந்தை நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும், உதட்டில் பாலாடையின் நுனி படவேண்டும், அது நக்கி விழுங்கியபிறகே அடுத்த துளி.

குடித்து முடித்ததும் இருபது, முப்பது நிமிடம் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருங்கள். ஏப்பம் எடுக்க முதுகைத் தட்டுவது பற்றிச் சண்டிகரில் ஓர் ஆய்வு நடந்தது. 71 தாய்-சேய் இணைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஏப்பம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2015-இல் வெளியான முடிவு நான் எதிர்பார்க்காதது: ஏப்பம் எடுத்த குழந்தைகளின் அழுகை பெரிதாகக் குறையவில்லை, கக்குவதோ கொஞ்சம் அதிகமாயிற்று! ஒரு சிறிய ஆய்வை வைத்து யாரையும் ஏப்பம் எடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏப்பம் வரவில்லையே என்று அரைமணி நேரம் அந்தப் பிஞ்சு முதுகைத் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தோளில் சாத்திக்கொண்டு நிதானமாகத் தடவிக்கொடுங்கள், போதும்.

படுக்க வைப்பதைப் பற்றித்தான் மிகுந்த பயம் இருக்கிறது. "மல்லாக்கப் படுக்கவெச்சா புரையேறிடாதா டாக்டர்?" நியாயமான கேள்வி. குழந்தை மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போகவேண்டுமென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். கவிழ்த்துப் போட்டால் இது தலைகீழாகிவிடும். குப்புறப் படுத்தால் கக்குவது குறையும் என்பது உண்மைதான். அதை நம்பித்தான் ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே கவிழ்த்துப் போடச் சொன்னார்கள். தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது அதனால் அதிகமாகிறது என்று பிறகு தெரிந்தது. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் பெரிய இயக்கமாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் அந்த மரணங்கள் பத்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புரையேறிச் செத்த குழந்தைகள் கூடவும் இல்லை. ஆகவே கக்குகிற குழந்தையும் மல்லாந்துதான் தூங்க வேண்டும், சமமான படுக்கையில், முகத்தருகே தலையணை, துணிச் சுருட்டு எதுவும் இல்லாமல்.

தலைப்பக்கம் உயர்த்தலாமா என்று கேட்பீர்கள். கேட்கத் தோன்றுவது இயல்பு. சரிந்த நாற்காலியில் உட்காரவைத்தால் பால் கீழே இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1983-இல் ஓரன்ஸ்டைன் என்ற மருத்துவரும் குழுவினரும் அளந்து பார்த்தார்கள். அந்த நாற்காலியில் வைத்த குழந்தைகளுக்கு எதுக்களிப்பு அதிகமாயிருந்தது. மடங்கி உட்காரும்போது வயிறு அமுங்குகிறது, அதனால்தான். இருந்தும் சரிவான தொட்டில்கள் வியாபாரத்தில் லட்சக்கணக்கில் விற்றன. தலை முன்னால் சாய்ந்து மூச்சடைத்துக் குழந்தைகள் இறந்தபின் 2019-இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன; 2022-இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். இணையத்தில் இங்கேயும் அப்படிப்பட்ட பொருள்கள் கண்ணில் படுகின்றன. வாங்காதீர்கள். நம் தூளியிலும் குழந்தையின் உடம்பு மடங்கி, தாடை நெஞ்சில் படக்கூடும். பால் குடித்த சூட்டோடு தூளியில் போட்டு வீசி ஆட்ட வேண்டாம்.

கைவைத்தியம். இதில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு விருப்பமில்லை. மை வைப்பதிலும் திருஷ்டி சுற்றுவதிலும் எனக்குச் சண்டை கிடையாது. பாட்டியின் மனம் அமைதியாகட்டும், மை மட்டும் கண்ணுக்குள் போகாமல் கன்னத்தில் இருக்கட்டும். ஆனால் குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பது, மூக்கில் வாய்வைத்து ஊதுவது, மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவது ஆகியவற்றை நிறுத்தியே ஆக வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமிக்கூட வெளியே வராது. அங்கேயே தங்கி நிமோனியா ஆகும். கக்குகிற குழந்தைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். குடல் ஏற்றம் என்று வயிற்றைத் தடவி இழுப்பதும், உரம் விழுந்துவிட்டது என்று துணியில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பதும் நிறுத்த வேண்டியவையே. வசம்பையும் ஜாதிக்காயையும் உரைக்கிறீர்கள். எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு அளவே இல்லை, உரைகல்லில் என்ன கிருமி ஒட்டியிருக்கிறது என்றும் தெரியாது. கிரைப் வாட்டரைப் பற்றிப் புதுச்சேரியில் 335 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் கொடுத்திருந்தார்கள். கொடுத்த குழந்தைகளிடம் வாந்தியும் மலச்சிக்கலும்தான் அதிகமாக இருந்தன. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், ஓமத் தண்ணீரும்கூட, வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டைப் பற்றி நான் பேசாவிட்டால் இந்த உரை நியாயமாகாது. கக்குகிற குழந்தைக்கு அமிலத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தும், வாந்தியை நிறுத்தும் சிரப்பும் தாராளமாக எழுதப்படுகின்றன. பால் குடித்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் குழந்தையின் இரைப்பையில் அமிலமே மட்டுப்பட்டுத்தான் இருக்கும், பால் அதைத் தணித்துவிடும். குழந்தை கக்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில். அப்படியிருக்க, அமிலத்தைக் குறைத்தால் கக்குவது எப்படி நிற்கும்? 1983-இல் நாற்காலியை ஆராய்ந்த அதே ஓரன்ஸ்டைன் 2009-இல் 162 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லான்சோபிரசோல் என்ற அமிலக்குறைப்பு மருந்தையும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் கலவையையும் கொடுத்தார். மருந்து எடுத்த 81 பேரில் 44 பேருக்கு அழுகையும் தொந்தரவும் குறைந்தன. மருந்தில்லாத 81 பேரிலும் 44 பேருக்குக் குறைந்தன! ஆனால் கடுமையான பக்கவிளைவு மருந்து எடுத்தவர்களில் பத்துப் பேருக்கு வந்தது, மற்றவர்களில் இருவருக்குத்தான். அதில் நுரையீரல் தொற்று முக்கியமானது. வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்வதற்காகவும் இருக்கிறது; அதை அணைத்தால் கிருமிக்கு வழிவிடுகிறோம்.

சிசாப்ரைடு என்ற மருந்தை 1990-களில் உலகம் முழுக்கக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்று தெரிந்து 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது 2011-இல். ஐரோப்பாவில் டோம்பெரிடோனையும் அதே இதயத் துடிப்புக் காரணத்துக்காக 2014-இல் கட்டுப்படுத்தினார்கள். இங்கே அது இன்னும் மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கிற சிரப். தயவுசெய்து கேட்டு வாங்காதீர்கள். அமிலக்குறைப்பு மருந்து தேவைப்படுகிற குழந்தைகள் இருக்கிறார்கள். உணவுக்குழாய் புண்ணானவர்கள், எடை ஏறாதவர்கள், மூளை நரம்புக் குறைபாடு உள்ளவர்கள். அவர்களுக்குக் காலவரம்பு வைத்து, நாலிலிருந்து எட்டு வாரம், பார்த்துக் கொடுக்கிறோம். உங்கள் மருத்துவர் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். "இது எதுக்கு, எத்தனை வாரம், எப்ப நிறுத்தணும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

மிச்சிகனில் 2013-இல் பெற்றோரிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே மாதிரி கக்கி அழுகிற குழந்தையைப் பற்றிச் சிலரிடம் நோயின் பெயரைச் சொல்லி விளக்கினார்கள், சிலரிடம் பெயர் சொல்லாமல் விளக்கினார்கள். பெயரைக் கேட்டவர்கள், மருந்து பலன் தராது என்று சொல்லப்பட்ட பிறகும் மருந்து வேண்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நோய் என்று சொல்லிவிட்டால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? எங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் அவசரப்பட்டு வரக்கூடாது என்பது எங்கள் தொழிலுக்கு அவர்கள் சொன்ன பாடம்.

சில குழந்தைகள் பால் குடித்தபின் உடம்பை வில்லாக வளைத்து, கழுத்தை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். வலிப்பு என்று அலறியடித்து வருவார்கள். எதுக்களிப்பாலும் அப்படி வரும், வலிப்பாலும் வரும். அலைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக் கொண்டுவாருங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது எங்களுக்கு நூறு மடங்கு உதவும்.

அழுகையைப் பற்றி. பாஸ்டனுக்கு அருகே மருத்துவம் பார்த்த பிரேசல்ட்டன் 1962-இல் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களிடம் குறித்துவைக்கச் சொன்னார். ஆறாவது வாரத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. எல்லாம் நோயில்லாத குழந்தைகள். பிறகு குறைந்துகொண்டே வந்து மூன்றாம் மாதத்தில் பெரும்பாலும் அடங்கியது. கக்குவதும் இதே மாதங்களில் வருவதால், கக்குவதால்தான் அழுகிறது என்று நாம் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே காலத்தில் நடக்கிற தனித்தனி விஷயங்கள்.

ஆனால் அந்த இரண்டே முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பது யார்? சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பது மணிவரை வீறிடுகிற குழந்தையைத் தோளில் போட்டு நடப்பது யார்? இந்தியாவில் பிரசவித்த தாய்மார்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் சொன்னார்கள். குழந்தை கக்குவதைச் சொல்லி வருகிற தாயிடம் நான் குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி, "நீ எத்தனை மணி நேரம்மா தூங்கின?" என்பதுதான். அந்தக் கேள்விக்கே கண்ணீர் விடுகிற பெண்கள் உண்டு. அவர்களிடம் உங்கள் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் நான் வேலையைப் பாதிதான் செய்திருக்கிறேன். கூட வந்தவரைக் கூப்பிட்டு, பால் குடித்து முடித்த குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடிக்கிற அந்த அரைமணி நேரம் இனி உங்கள் பொறுப்பு என்று சொல்கிறேன். அதற்குத் தாய் வேண்டியதில்லை. அப்பா பிடிக்கலாம், தாத்தா பிடிக்கலாம், சித்தி பிடிக்கலாம். ராத்திரி இரண்டு முறை அப்பா அப்படிப் பிடித்தால் தாய்க்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும். எந்தச் சொட்டு மருந்தும் அதைத் தராது.

தாங்கவே முடியாமல் கை நடுங்குகிற நேரம் வரும். அப்போது குழந்தையைச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். குழந்தை அழட்டும். பத்து நிமிடம் அழுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் ஒரு முறை பிடித்துக் குலுக்கிவிட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும். என் அழுகையே நிற்கவில்லை, சோறு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது, குழந்தையைப் பார்த்தாலே பயமாயிருக்கிறது என்றெல்லாம் தோன்றினால் அதை மறைக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அருகில் இருக்கிறவர்களே, அவள் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

கேள்விச் சீட்டுகளை வாங்கிக்கொள்கிறேன். குழந்தை மடியில் இருப்பவர்களின் சீட்டை முதலில் கொடுங்கள், அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும். எடை பார்க்க விரும்புகிறவர்களுக்கு வாசலில் தராசு வைத்திருக்கிறோம். தாய்-சேய் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.